காய்ச்சலுக்கும் ஒரு செக்ரோல் வேண்டும்

(தோட்டக் கிளையின் குடும்ப தினக் கூட்டத்தில் அலுவலகக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை. கேட்டவர்கள் வேண்டிக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



குடும்ப தினமென்று சொல்லி என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் அலுவலகத்துக் கிராணி. ஊழியர் சங்கத்தைச் சேர்ந்தவன். நீங்கள் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். கிராணிக்கு ஒரு சங்கம், மரம் சீவுகிறவர்களுக்கு ஒரு சங்கம் என்று நாம் தனித்தனியே நிற்கிறோம். ஆனால் காய்ச்சலுக்கு அந்தப் பேதம் கிடையாது. கிராணி வீட்டுக் கதவையும் அது தட்டும். வரிசையில் கடைசி வீட்டுக் கதவையும் தட்டும். ஆகவே இன்று நமக்குப் பொதுவான ஒரு விஷயத்தைப் பேச விரும்புகிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, இரண்டு நாளாகியும் மூன்று நாளாகியும் விடாமல் இருந்தால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே அது.

நான் டாக்டருமல்ல, டிரசருமல்ல. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, செக்ரோல் எழுதிப் பிழைப்பவன். எனக்குத் தெரிந்த தொழில் கணக்கு எழுதுவது ஒன்றுதான். காய்ச்சலுக்குக் கணக்கு வைப்பதைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். அந்தக் கணக்கை வைக்காமல் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவை உங்களுக்கே விளங்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மழைக் காலம். என் மகனுக்கு அப்பொழுது 5 வயது. திங்கட்கிழமை மாலை விளையாடிவிட்டு வந்தவன் சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டான். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது. மழையில் நனைந்திருப்பான், இரண்டு நாளில் போய்விடும் என்று சொல்லி, வீட்டில் இருந்த காய்ச்சல் மருந்தைக் கொடுத்தேன். புதன்கிழமை கிளினிக்கில் காட்டினோம். அங்கே மருந்து கொடுத்து, "வெள்ளிக்கிழமைக்குள் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் சோதிக்க வேண்டும், கொண்டுவாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாதக் கடைசி, சம்பளக் கணக்கு முடிக்க வேண்டிய நாள். "பையன் தேறிவிட்டான்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அலுவலகம் போய்விட்டேன்.

நண்பகலில் பக்கத்து வீட்டு அக்கா, அப்பொழுதுதான் காட்டிலிருந்து பாலை இறக்கிவிட்டு வந்தவர், பையனைப் பார்க்க உள்ளே வந்திருக்கிறார். அவன் காலைத் தொட்டவர் திடுக்கிட்டுப் போனார். கால் ஜில்லென்று இருந்தது. பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை. "காய்ச்சல் விட்ட பிள்ளை இப்படியா கிடக்கும்? உடனே தூக்கு" என்று அந்த அக்கா போட்ட கூச்சல்தான் என் மகனைக் காப்பாற்றியது. தோட்டத்து வேன் வெளியே போயிருந்தது. ஒரு தோழர் தம்முடைய பழைய காரில் எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

அங்கே டாக்டரம்மா என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டார்கள். காய்ச்சல் தொடங்கி இன்று எத்தனையாவது நாள்? என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? நேற்றிலிருந்து எவ்வளவு குடித்தான்? கடைசியாக எப்பொழுது சிறுநீர் போனான்?

நான் ஐந்தாம் நாள் என்றேன். மனைவி நாலாம் நாள் என்றாள். மருந்து விஷயம் அதைவிட மோசம். வியாழக்கிழமை இரவு நான் ஒரு போத்தலிலிருந்து கொடுத்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் என் மனைவி இன்னொரு போத்தலிலிருந்து கொடுத்திருக்கிறாள். இரண்டும் ஒரே பாராசிட்டமோல். ஒருவர் கொடுத்தது ஒருவருக்குத் தெரியாது.

தோழர்களே, இந்தத் தோட்டத்தில் யார் எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார், எத்தனை கிலோ ஒட்டுப்பால் கொண்டுவந்தார், எந்த நாளில் மழை பெய்து வேலை நின்றது என்று எந்த மாதத்துக் கணக்கைக் கேட்டாலும் ஏட்டைப் புரட்டிச் சொல்லக்கூடியவன் நான். என் சொந்தப் பிள்ளையின் ஐந்து நாள் கணக்கைக் கேட்டபொழுது தலைகுனிந்து நின்றேன். அன்றைய தலைகுனிவுதான் இன்றைய பேச்சு.

அவனுக்கு வந்தது டிங்கி. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்தம் கெட்டிப்பட ஆரம்பித்திருந்தது. நரம்பு வழியாக நீர் ஏற்றி, மணிக்கொரு முறை பார்த்துப் பிழைக்க வைத்தார்கள். நான்காம் நாள் வீடு வந்து சேர்ந்தான். இன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறான். நான் தாமதித்ததற்குக் கிடைக்க வேண்டிய தண்டனை எனக்குக் கிடைக்காமல் போனது, பக்கத்து வீட்டு அக்காவின் புண்ணியம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

காய்ச்சல் என்பது தனியொரு நோயல்ல. உடம்புக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று அடிக்கப்படும் மணி அது. மணியின் வாயை அடைத்துவிட்டால் உள்ளே புகுந்தது போய்விடாது. மருந்து கொடுத்துச் சூட்டைக் குறைப்பது குழந்தையின் வேதனை தணியத்தான். காரணம் என்னவென்று கண்டுபிடிப்பது வேறு வேலை. அதற்கு டாக்டரும் இரத்தச் சோதனையும் வேண்டும்.

இதை நம்மைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டியவர்கள் வேறு யாருமில்லை. ஏனென்றால் இந்த நாட்டின் தோட்டங்களே காய்ச்சலோடு போராடி எழுந்தவை. 1901-ல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மல்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். அதற்கு முன் நம் பாட்டன்மார் அந்தக் காட்டையழித்துக் கன்று நடும்பொழுது எத்தனை பேர் மாண்டார்கள் என்பது பழைய தோட்டங்களின் இடுகாடுகளுக்குத்தான் தெரியும். 1948-ல் கோலாலம்பூரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இன்னொரு பெரிய காரியம் நடந்தது. புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி கடிப்பதால் வரும் புதர்க் காய்ச்சலுக்கு, குளோரம்பெனிகோல் என்னும் மருந்தை டாக்டர் ஸ்மேடல் தலைமையில் வந்த அமெரிக்க வைத்தியர்கள் இங்குள்ள வைத்தியர்களோடு சேர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். அது கேட்டது. அதே மருந்து டைபாய்டுக்கும் கேட்கிறதென்பதும் அதே சமயத்தில்தான் தெரியவந்தது.

இவற்றை நான் சொல்வதன் காரணம் ஒன்றுதான். மேலே தொட்டுப் பார்த்தால் எல்லாக் காய்ச்சலும் ஒரே சூடுதான். உள்ளே மலேரியா வேறு, டைபாய்டு வேறு, புதர்க் காய்ச்சல் வேறு, டிங்கி வேறு. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றொன்றுக்கும் கேட்குமென்று சொல்ல முடியாது. ஆகவே அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்து மிச்சமிருக்கும் ஆன்டிபயோட்டிக் மருந்தை நம் பிள்ளைக்கு ஊற்றுவது, இன்னொருவர் வீட்டுச் சாவியால் நம் பூட்டைத் திறக்கப் பார்ப்பது போலாகும்.

அப்படியானால் நம் கையில் என்ன இருக்கிறது? கணக்கு இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்.

முதல் கட்டத்தில் தேதியும், எத்தனையாவது நாள் என்பதும். காய்ச்சல் தொடங்கிய நாளே முதல் நாள். இரவு 9 மணிக்குத் தொடங்கினாலும் அதுதான் முதல் நாள்.

இரண்டாவது கட்டத்தில் மணியும் சூடும். கையால் தொட்டுப் பார்த்து எழுதக் கூடாது. காட்டிலிருந்து வந்த கைக்கு எல்லாம் குளிர்ச்சியாகத் தெரியும். அடுப்படியிலிருந்து வந்த கைக்கு வேறு மாதிரி தெரியும். தெர்மாமீட்டரில் 38 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கட்டத்தில் மருந்தின் பெயர், அளவு, கொடுத்த மணி, கொடுத்தவர் யார் என்பது. நான்காவது கட்டத்தில் குழந்தை குடித்தது. ஐந்தாவது கட்டத்தில் சிறுநீர் போன நேரம். பின்வரிசையில் ஓர் அக்கா சிரிக்கிறார். சிரியுங்கள் அக்கா. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் முதலில் கேட்ட கேள்விகளில் அதுவும் ஒன்று. ஆறு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைக்குச் சிறுநீர் போகவில்லையென்றால் உடம்பில் நீர் வற்றுகிறதென்று பொருள்.

இனி, மருந்தின் அளவைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். பாராசிட்டமோல் அளவு வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்து வருவது. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. கடைகளில் விற்கும் குழந்தை மருந்து ஒரே பலத்தில் இருப்பதில்லை. சில போத்தல்களில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம். சிலவற்றில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு முதல் போத்தலில் 5 மில்லி சரியாக இருக்கும். இரண்டாவது போத்தலில் அதே 5 மில்லி கொடுத்தால் அளவு மிஞ்சிவிடும். அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். ஆகவே சீட்டைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் போத்தலோடு அலுவலகத்துக்கு வாருங்கள், நான் படித்துச் சொல்கிறேன். தேக்கரண்டியால் ஊற்றாதீர்கள். மருந்தோடு வரும் அளவுக் கரண்டியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். ஒரு வீட்டில் ஒரு பலமுள்ள போத்தல் மட்டும் இருக்கட்டும். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

ஆஸ்பிரின் மாத்திரை பெரியவர்கள் வீட்டில் இருக்கும். அதை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் ஆகாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒரு கொடிய நோய் அதனால் வரக்கூடும். டிங்கியாயிருந்தால் இரத்தக் கசிவையும் கூட்டிவிடும். அதே காரணத்தினால், டிங்கி இல்லையென்று தெரியும்வரை இபுபுரோபனும் வேண்டாம்.

கம்பளியைப் போட்டு மூடி வியர்க்க வைப்பது நம் வழக்கம். அதை விட்டுவிட வேண்டும். மெல்லிய சட்டை போதும். ஐஸ் தண்ணீரிலும் ஸ்பிரிட்டிலும் உடம்பைத் துடைக்கக் கூடாது. குழந்தை நடுங்கினால் உள்சூடு ஏறத்தான் செய்யும். சாப்பிட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்; குடிக்க மறுத்தால் விடாதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுங்கள். பெரிய பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர், இளநீர், கிளினிக்கில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி கரைத்த நீர் ஆகியவற்றைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பொடியை உறையில் சொன்ன அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

இப்பொழுது, எப்பொழுது ஓட வேண்டும் என்பதற்கு வருகிறேன். இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

குழந்தைக்கு 3 மாதம் நிறையாமலிருந்து, சூடு 38 டிகிரியைத் தொட்டால் நாள் எண்ண வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி.

எந்த வயதானாலும், குடிக்கவே முடியாமற்போனால், குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தால், எழுப்பியும் எழாமல் மயங்கிக் கிடந்தால், மூச்சு வாங்கினால், கழுத்து விறைத்தால், வலிப்பு வந்தால், கடுமையான வயிற்று வலி இருந்தால், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் வந்தால், அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோன்றினால், கை கால் சில்லிட்டால், அது முதல் நாளானாலும் உடனே போக வேண்டும். நள்ளிரவானாலும் போக வேண்டும். 999-க்கு அழைக்கிறவர்கள் தோட்டத்தின் பெயரோடு, எந்தச் சாலையில் எந்த வாசல் வழியாக வர வேண்டுமென்றும் சொல்லுங்கள். ஒருவர் விளக்கோடு வாசலில் நில்லுங்கள்.

இவையொன்றும் இல்லாமல் வெறும் காய்ச்சல் மட்டும் இருந்தால், இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். மூன்றாம் நாளும் இருந்தால் கிளினிக். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். "டிங்கி இருக்குமா, இரத்தம் சோதிக்க வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். நம்முடைய கூலியைக் கேட்டு வாங்கப் பழகியவர்கள் நாம். நம் பிள்ளையின் சோதனையைக் கேட்பதற்கு என்ன தயக்கம்? காட்டோரமாகக் குடியிருக்கிறவர்கள், அருகில் குரங்குகள் நடமாடுவதையும் சொல்லுங்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு மூலம் பரவும் பழைய மலேரியா 2018-லிருந்து இந்நாட்டில் உள்ளூரில் தோன்றவில்லை. ஆனால் குரங்கிலிருந்து கொசு மூலம் மனிதருக்கு வரும் மலேரியா இன்னும் இருக்கிறது. எலி திரியும் இடத்தில் தேங்கிய நீரில் பிள்ளை விளையாடியிருந்தால் அதையும் சொல்லுங்கள். எலியின் சிறுநீரிலிருந்தும் காய்ச்சல் வரும். உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களில் பார்த்து வையுங்கள். அது புதர்க் காய்ச்சலின் அடையாளமாயிருக்கலாம்.

அடுத்தது, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அந்தச் சமயத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். அந்த ஒன்றிரண்டு நாளைக் கடந்த பின்பே பிள்ளை தேறியதாகக் கொள்ளலாம். சூடு இறங்கிய பின் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறதென்று கேட்டு, நன்றாகச் சிறுநீர் போனால் அது நல்ல இறக்கம். சூடு இறங்கியும் பிள்ளை சோர்ந்து, வயிறு வலித்து, கால் சில்லிட்டால் அது கெட்ட இறக்கம். ஆகவே சூடு இறங்கியவுடன் நோட்டை மூடிவிடாதீர்கள். இன்னும் இரண்டு நாள் எழுதுங்கள். பப்பாளி இலைச் சாறு கொடுத்தோமே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடவும் வேண்டாம்.

ஐந்து நாள், ஏழு நாள் என்று நீடிக்கும் காய்ச்சலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சளியுமில்லை, இருமலுமில்லை, காய்ச்சல் மட்டும் விடவில்லையென்றால், சிறு பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்கியிருக்கலாம். சிறுநீரைச் சோதித்தால் தெரியும். நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும் காய்ச்சல் டைபாய்டாக இருக்கலாம். ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடாமல், கண்ணும் உதடும் நாக்கும் சிவந்து, உள்ளங்கையும் பாதமும் வீங்கியிருந்தால், அது இருதயத்தின் இரத்தக் குழாயைக் கெடுக்கக்கூடிய கவசாக்கி என்னும் நோயாக இருக்கலாம். 1967-ல் ஜப்பானிய டாக்டர் ஒருவர் கண்டெழுதியதால் அவர் பெயரே அதற்கு வந்தது. பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்குவது நல்லது. வாரக்கணக்கில் மாலை மாலையாக மெல்லிய காய்ச்சல், இருமல், உடம்பு இளைத்தல் இருந்து, வீட்டில் பெரியவர் ஒருவரும் இருமிக்கொண்டிருந்தால் காசநோய்க்குச் சோதிக்க வேண்டும். இவற்றில் எது என்று தீர்மானிப்பது நம் வேலையல்ல. நாள் கணக்கைச் சரியாகச் சொல்லி, திரும்பவும் கொண்டுபோய்க் காட்டுவதே நம் வேலை. "ஒரு முறை காட்டியாகிவிட்டது" என்று இருந்துவிட்டவன் பட்ட பாட்டைத்தான் முதலில் சொன்னேன்.

வலிப்பைக் கண்டால் தாய்மார்கள் அலறிவிடுகிறீர்கள், அது இயற்கை. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வருவதுண்டு. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியையும் விரலையும் விடாதீர்கள். மருந்தோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். கையில் இரும்பைக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. மணியைப் பாருங்கள், 5 நிமிடத்தைத் தாண்டினால் 999. நின்றுவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

நம் நம்பிக்கைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. கோயிலில் திருநீறு வாங்கிப் பூசுங்கள், நானும் பூசினேன். உடம்பில் கொப்புளமோ தடிப்போ கண்டு, அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை வைக்கிறீர்கள், வையுங்கள். ஆனால் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து வையுங்கள். அம்மையென்று நாம் நினைப்பது வேறொன்றாயிருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கழிந்த நாட்கள் திரும்பி வரமாட்டா.

தோழர்களே, இவ்வளவும் தெரிந்திருந்தும் நாம் மூன்றாம் நாள் போகாமல் ஐந்தாம் நாள் போவது ஏன்? அறியாமை மட்டும் காரணமல்ல. ஒரு நாள் காட்டுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, சேவைக் காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14, 18, 22 நாள் உண்டு. ஆனால் அது தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான். பிள்ளையின் காய்ச்சலுக்கென்று சட்டத்தில் தனி விடுப்பு இல்லை. ஆண்டு விடுப்பு 8, 12, 16 நாள் இருக்கிறது. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் அதை ஒன்றுவிடாமல் எடுத்துவிடாமல், இரண்டு நாளையாவது பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் சிக்கனம் மட்டும் போதாது. இரண்டு சங்கங்களும் சேர்ந்து நிர்வாகத்திடம் எடுத்துச் செல்ல வேண்டிய கோரிக்கைகள் மூன்று உண்டு. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தகவல் சொல்லிவிட்டுப் போகிறவரை, சொல்லாமல் நின்றவராகப் பதியக் கூடாது. இரவோ பகலோ அவசரத்துக்கு ஒரு வண்டியும், அதை ஓட்டுகிறவரின் தொலைபேசி எண் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்க வேண்டும். ஆயாக் கொட்டகையில் தெர்மாமீட்டரும் காய்ச்சல் நோட்டும் வைக்க வேண்டும். இவை பெரிய செலவுள்ள காரியங்களல்ல. செக்ரோல் எழுதும் என் கைக்கு முதல் கோரிக்கையின் அருமை நன்றாகத் தெரியும்.

நிர்வாகத்தைக் கேட்காமல் நாமே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. டிங்கியைப் பரப்பும் கொசுக்களில் ஒன்று தோட்டத்திலும் தோப்பிலும் வாழ்வது. தெளிந்த நீர் கொஞ்சம் தேங்கினால் போதும், அது முட்டையிடும். நம் மரங்களில் தொங்கும் மங்கைவிட அதற்கு வசதியான தொட்டில் வேறு இல்லை. மரம் சீவாமல் விட்ட காட்டிலும், இலையுதிர் காலத்தில் வேலை நின்ற காட்டிலும், மங்குகளில் மழைநீர் நிற்கும். முட்டை கொசுவாவதற்குச் சுமார் ஒரு வாரம் போதும். வேலை நிறுத்தும் நிரையில் மங்கைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள். வீட்டைச் சுற்றியுள்ள டின், டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றை வாரத்தில் ஒரு நாள் கொட்டுங்கள். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்களிடமும் சொல்லுங்கள். அவர்கள் வரிசையில் பிறந்த கொசு நம் வரிசைக்கு வர அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை.

என் பேச்சை முடிக்கும் நேரம் வந்துவிட்டது. இதோ, கையில் வைத்திருப்பது என் மகனுடைய காய்ச்சல் நோட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் வாங்கினேன். அதன்பின் மூன்று முறை அவனுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. மூன்று முறையும் இதில் எழுதியிருக்கிறோம். கடைசி முறை எழுதியது அவனேதான். "காலை 7 மணி, 37 டிகிரி, பசிக்கிறது" என்று கோணலான எழுத்தில் எழுதியிருக்கிறான். நான் எழுதிய எந்தச் செக்ரோலிலும் இவ்வளவு நல்ல வரி இல்லை.

அலுவலகத்தில் இருபது நோட்டுகள் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போகும்பொழுது வீட்டுக்கு ஒன்று வாங்கிச் செல்லுங்கள். அன்று கூச்சலிட்ட அக்கா இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். முதல் நோட்டை அவர் கையால் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டு, என் சிற்றுரையை முடிக்கிறேன்.